மகன் பன்றி வேட்டைக்குப் போகணும் என்கிறான். பினாங்கு, கூலிம் பக்கம் என்ன வழி?

பாயான்_லெப்பாஸ்_அப்பா | சனி, இரவு 10:42

வணக்கம். நான் இங்கே படித்துவிட்டுப் போகிற ஆள், அதிகம் எழுதியதில்லை. இப்போது ஒரு யோசனை வேண்டும்.

பள்ளி விடுமுறைக்குக் கூலிமில் இருக்கும் என் அப்பா வீட்டுக்குப் போயிருந்தோம். சுவரில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் உண்டு. தோட்டத்து லயத்துக்கு முன்னால் அப்பா நிற்கிறார், காலடியில் பெரிய காட்டுப்பன்றி, சுற்றி நாலைந்து பேர், இரண்டு நாய். நான் பிறந்ததிலிருந்து பார்க்கிற படம் என்பதால் கவனித்ததே இல்லை. என் மகனுக்கு 14 வயது. அன்றைக்குத்தான் அதன் முன்னால் நின்றான். திரும்பி வரும்போது பாலத்தின் மேலேயே கேட்டுவிட்டான்: "அப்பா, நாம எப்போ வேட்டைக்குப் போறது?"

அன்றிலிருந்து அமெரிக்கக்காரர்கள் மான் சுடுகிற காணொளியாகப் பார்க்கிறான். அங்கே அப்பன் மகனுக்குத் துப்பாக்கி பிடிக்கச் சொல்லித் தருகிறான். நானோ தோட்டத்தை விட்டு வந்து 25 வருடமாகத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. எனக்குத் தெரிந்த காடு தைப்பூசத்துக்கு ஏறுகிற தண்ணீர்மலைப் படிக்கட்டுதான். அப்பாவிடம் கேட்டால், "அதெல்லாம் அப்போ" என்று சொல்லிவிட்டு டிவியைப் பார்க்கிறார்.

பையன் தானாக வெளியே போகணும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. ஒரே சொல்லில் முடியாது என்று சொல்ல மனம் வரவில்லை. யாராவது பிள்ளைகளை இப்படி அழைத்துப் போயிருக்கிறீர்களா?


நைட்_ஷிப்ட்_குமரன் | சனி, இரவு 10:58

அண்ணே, முதலில் சிக்னல் இல்லாத இடத்தில் இரண்டு மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள். அதைத் தாங்கினால் பன்றியைப் பற்றி யோசிக்கலாம்.


செனாப்பாங்_மாமா | ஞாயிறு, காலை 6:15

தம்பி, வயது 66 எனக்கு. பேராக் வடக்கே 30 வருடம் உரிமத்தோடு போனவன். முழங்கால் போனதும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இங்கே இரண்டு தாள் வேண்டும். துப்பாக்கிக்கு ஒன்று, 1960 ஆயுதச் சட்டப்படி காவல் துறை கொடுப்பது. விலங்குக்கு ஒன்று, 2010 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தான் கொடுப்பது. ஒன்று இருந்து இன்னொன்று இல்லாவிட்டால் காட்டில் நீங்கள் திருடன்தான். உரிமம் யார் பேரில் இருக்கிறதோ அவர் கையில்தான் துப்பாக்கி. "பையன் சும்மா ஒரு தடவை பிடித்துப் பார்க்கட்டுமே" என்ற பேச்சே கிடையாது. உரிமம் இல்லாத துப்பாக்கியோடு மாட்டினால் 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். விளையாட்டுச் சாமான் என்று நினைத்து இணையத்தில் வாங்கிவிடாதீர்கள்.

காணொளியில் பார்க்கிற மானை மறந்துவிடச் சொல்லுங்கள். ரூசா, கீஜாங் இரண்டு வகை மானுக்கும் 2009-இல் வேட்டை உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். பன்றிக்கு உரிமம் வாங்கலாம். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே துப்பாக்கி, தோட்டா விற்பனையில் வாங்குகிற வரி 1937-இல் இருந்து காட்டுயிர்ப் பாதுகாப்புக்குப் போகிறது. பல மாநிலங்களில் பிள்ளைகளுக்கென்றே தனி வேட்டை நாள் விடுகிறார்கள், அதற்கு முன்னால் பாதுகாப்பு வகுப்பு. வேட்டைக்காரர் குறைந்தால் அந்த வரியும் குறையும், அதனால் பிள்ளைகளை வருந்தி அழைக்கிறார்கள். நமக்கு அந்தக் கணக்கு இல்லை.

ஆனால் ஒன்று. எனக்குக் காட்டைச் சொல்லிக் கொடுத்தவர் ஒரு மலாய்க்கார பாக்சிக். பயிரை அழிக்கிறது என்று பன்றியைச் சுடுவார், தொடமாட்டார், இறைச்சி எங்களுக்கு. அவர் எனக்கு ஒரு வருடம் துப்பாக்கியைக் காட்டவே இல்லை. தண்ணீரும் கோணிப்பையும் தூக்கினேன். தடத்தைப் பார்த்தால் ஒரே கேள்விதான் கேட்பார்: நேற்றையதா, இன்றையதா? நான் விழிப்பேன். அவர் குனிந்து காட்டுவார். குளம்பு அழுந்திய ஓரம் கூர்மையாக இருந்தால் புதிது. ஓரம் உதிர்ந்து, உள்ளே காய்ந்த இலை விழுந்திருந்தால் பழசு. சேற்றில் பதிந்த தடத்தில் தண்ணீர் இன்னும் கலங்கலாக ஊறிக்கொண்டிருந்தால், தம்பி, அது பக்கத்தில்தான் நிற்கிறது, வாயை மூடு.

பன்றித் தடத்துக்கும் மான் தடத்துக்கும் வித்தியாசம் ஆறு மாதம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. மான் குளம்பு ஒல்லி, முன்னால் கூர். பன்றியுடையது அகலம், நுனி மழுங்கல், மண் இளகலாக இருந்தால் பின்னால் இரண்டு பக்கமும் சின்னக் குளம்பு இரண்டு புள்ளியாக விழும். சேற்றில் புரண்டுவிட்டு மரத்தில் உடம்பைத் தேய்க்கும். மரத்தில் ஒட்டியிருக்கிற சேறு உங்கள் முழங்கால் உயரமா, இடுப்பு உயரமா என்று பாருங்கள். பன்றியைப் பார்க்காமலேயே அதன் அளவு தெரிந்துவிடும்.

இதற்கு எந்தத் தாளும் வேண்டாம். பையனுக்கு முதலில் இதைக் கொடுங்கள்.


சைவம்_போதும் | ஞாயிறு, காலை 9:30

மாமா மேல் மரியாதை உண்டு. ஆனாலும் கேட்கிறேன். ஒரு 14 வயதுப் பிள்ளைக்கு உயிரைக் கொல்வது ஒரு சாதனை என்று ஏன் பதிய வேண்டும்? 2022-இல் வெளியான தேசியப் புலிக் கணக்கெடுப்பில் தீபகற்பத்துக் காட்டில் 150 புலிகூட இல்லை என்று சொல்லிவிட்டார்கள். புலி சாப்பிடுவது எதை? இதே பன்றியையும் ரூசாவையும்தான். நாம் அதன் தட்டில் கை வைத்துவிட்டு, புலி ஏன் குறைகிறது என்று கருத்தரங்கு நடத்துகிறோம். கம்பிக் கண்ணி வைக்கிறவன் ஒவ்வொருவனும் சின்ன வயதில் யாரோ ஒரு மாமாவுடன் "சும்மா பார்க்க"ப் போனவன்தான்.


செபராங்_மரவள்ளி | ஞாயிறு, காலை 11:04

அக்கா, என் நிலத்துக்கு ஒரு தடவை வாருங்கள். ஒரே ராத்திரியில் இரண்டு வரிசை மரவள்ளியைப் பெயர்த்துப் போட்டிருந்தது. தின்றது கால்வாசி, மிதித்தது முக்கால்வாசி. புலித் தட்டு பற்றி எனக்கும் வருத்தம் உண்டு, ஆனால் செபராங் பிறையில் புலி எங்கே இருக்கிறது, வந்து சாப்பிட?

ஆனால் வேட்டை ஆசைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. எனக்குப் பன்றி மேல் கோபமும் இல்லை, வீரமும் இல்லை. மின்வேலி போட்டேன். அதற்குப் பிறகு பக்கத்து நிலத்துக்குப் போகிறது. பக்கத்து நிலத்துக்காரர் என்னோடு பேசுவதில்லை, அது தனிக் கதை.


செனாப்பாங்_மாமா | ஞாயிறு, பகல் 12:20

சைவம் தங்கச்சி சொன்னதில் கண்ணி விஷயம் முழுக்கச் சரி. தோட்டாவாவது யாரைச் சுடுகிறோம் என்று பார்த்துப் போகும். கண்ணிக்குக் கண் கிடையாது. பன்றிக்கு வைத்ததில் தாப்பிர் கால் மாட்டிக் கிடந்ததை நான் பார்த்திருக்கிறேன். மூன்று நாள் ஆகியிருக்கும். அதை இங்கே விவரிக்கப் போவதில்லை. பையனோடு போகும்போது வழியில் கம்பிச் சுருக்கு எதையாவது பார்த்தால் தொடாமல் படம் எடுத்து, இடத்தைக் குறித்து பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.


வார்டு_அக்கா | ஞாயிறு, மாலை 4:47

மருத்துவமனையில் வேலை செய்கிறவள் என்ற முறையில் மூன்று விஷயம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், ஆஸ்துமாவுக்கு நல்லது என்று கெலுவாங் என்கிற பெரிய பழந்தின்னி வௌவாலைச் சுட்டுக் குழம்பு வைப்பார்கள். தாத்தா பழைய ஞாபகத்தில் அதைச் சொன்னாலும் பையன் அந்தப் பக்கம் போகக் கூடாது. 1998-99 நிப்பா நோயில் இந்த நாட்டில் 105 பேர் செத்தார்கள். பன்றிப் பண்ணையில் பரவியது, ஆனால் கிருமியின் சொந்த வீடு பழந்தின்னி வௌவால். கீழே செத்துக் கிடந்தாலும் கையால் தொடாதீர்கள். அதோடு டுரியான் பூவில் மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பதே வௌவால்கள்தான். பாலிக் பூலாவ் பழம் வேண்டுமென்றால் அவற்றை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது எலிக் காய்ச்சல். அருவியில் குளித்துவிட்டு வந்து ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்றால் டெங்கி என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். "ஆற்றில் இறங்கினோம்" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதைச் சொல்லாமல் விட்டுத்தான் நாள் போகிறது. காலில் புண் இருந்தால் தண்ணீரில் இறங்கவே வேண்டாம்.

மூன்றாவது, காட்டுப்பன்றி இறைச்சி யாராவது கொடுத்தால் நன்றாக வேக வையுங்கள், பச்சைக் கழிவை நாய்க்குப் போடாதீர்கள். வீட்டுப் பன்றி வளர்க்கிற சொந்தக்காரர் இருந்தால் அங்கே கொண்டே போகாதீர்கள். ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் மனிதருக்கு வராது, ஆனால் பண்ணையைக் காலி செய்துவிடும். 2021-இல் சபாவில் தொடங்கியது எங்கெல்லாம் வந்தது என்று பன்றிக்கறிக் கடைக்காரரைக் கேளுங்கள்.


வாத்தியார்_தெலுக்பகாங் | திங்கள், இரவு 8:10

தமிழ்ப்பள்ளியில் புறப்பாடப் பொறுப்பில் இருந்தபோது ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் 12 பேரைப் பினாங்கு தேசியப் பூங்காவுக்கு அழைத்துப் போனேன். பந்தாய் கெராச்சுட் வரை நடை. பெரியவர்களுக்கு ஒன்றரை மணி நேரம், எங்களுக்கு மூன்று.

தவறு எல்லாம் என்னுடையது. காலணி பற்றிச் சுற்றறிக்கையில் எழுத மறந்தேன், இரண்டு பேர் ஜப்பான் சிலிப்பரில் வந்தார்கள். ஆளுக்கு ஒரு போத்தல் தண்ணீர் போதும் என்று நினைத்தேன், பாதி வழியிலேயே தீர்ந்தது. நாசி லெமாக் பொட்டலம் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு, கடற்கரையில் அதை மணலில் வைத்துவிட்டுத் தலை எண்ணினேன். எண்ணி முடிப்பதற்குள் குரங்கு பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. பன்னிரண்டு பிள்ளைகளும் பட்டினி, ஆனால் அவர்கள் இன்றுவரை பேசுவது அந்தக் குரங்கைப் பற்றித்தான். திரும்பும்போது படகு பிடித்தேன், என் கைக்காசு.

இதை விட்டுவிட்டுப் பார்த்தால், அந்த இடம் ஒரு பொக்கிஷம். 2003-இல் தேசியப் பூங்காவாக அறிவித்த இடம், சின்னதுதான், 2,500 எக்டர் சொச்சம். கெராச்சுட்டில் ஓர் ஏரி உண்டு. மேலே மலையிலிருந்து வரும் நல்ல தண்ணீர், அடியில் கடல் உப்புத் தண்ணீர், இரண்டும் கலக்காமல் அடுக்காக நிற்கும். சில மாதங்களில் ஏரியே வற்றிச் சேறாகக் கிடக்கும், அப்போது போனால் பிள்ளைகள் ஏமாந்து போவார்கள். பக்கத்தில் ஆமை முட்டை பாதுகாக்கிற நிலையம். ஒரு பையன் அங்கே தொட்டியில் இருந்த குஞ்சைப் பார்த்துவிட்டு, "சார், எங்கள் பாட்டி ஆமை முட்டை சாப்பிட்டிருக்கிறாராம்" என்றான். காவலர் சிரித்துவிட்டு, "எல்லார் பாட்டியும் சாப்பிட்டார்கள், அதனால்தான் எனக்கு இந்த வேலை" என்றார்.

நுழைவாயில் அலுவலகத்தில் பெயர் பதிந்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வெளியே வந்ததும் திரும்பச் சொல்லிவிட்டுப் போங்கள், இல்லையென்றால் உங்களைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.


மெங்குவாங்_அம்மா | திங்கள், இரவு 9:33

எல்லாரும் பையன், பையன் என்றே எழுதுகிறீர்கள். என் மகளுக்கு 13. எங்கள் வீட்டு மாமாக்கள் தூண்டில் போடப் போகும்போது அவள் தம்பியைக் கூப்பிடுவார்கள், அவன் போகமாட்டான், ஃபோன் விளையாட்டு. அவள் வாசலில் நிற்பாள், அவளைக் கேட்கவே மாட்டார்கள். "பெண் பிள்ளை, கழிவறை எல்லாம் இருக்காது" என்று ஒரு காரணம். கேட்டால்தானே தெரியும், அவள் சமாளிப்பாளா என்று.

கடைசியில் நானே அவளைத் தெலுக் பகாங் கூட்டிப்போனேன். அங்கே சாலைக்கு மேலே குரங்குகள் கடப்பதற்கு 2019-இல் ஒரு பாலம் கட்டியிருக்கிறார்கள், பழைய தீயணைப்புக் குழாயை வைத்து. லோத்தோங் குரங்கு, கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்ட மாதிரி வெள்ளை வளையம் இருக்குமே, அது. குட்டி பளிச்சென்று ஆரஞ்சு நிறம். அவள் அதைப் பார்த்த முகத்தை நான் படம் எடுக்காமல் விட்டுவிட்டேன், இப்போது நினைத்தாலும் ஆத்திரம்.


பத்து_மாவுங்_தூண்டில் | செவ்வாய், அதிகாலை 1:05

மெங்குவாங் அக்கா, மகளை அனுப்புங்கள், என் இரண்டு பெண்களும் வருவார்கள். கழிவறை பக்கத்துக் கடையில் உண்டு.

லெப்பாஸ் அண்ணே, உங்கள் பையனுக்குப் பன்றி வேண்டாம், மீன் கொடுங்கள். மீன் பிடிப்பதும் வேட்டைதான், அதை யாரும் வேட்டை என்று சொல்வதில்லை, அவ்வளவுதான். காசு கட்டுகிற குளத்துக்குப் போகாதீர்கள். அங்கே மீன் தயாராக வாயைத் திறந்துகொண்டு நிற்கும், பையனுக்குக் காத்திருக்கவே வராது. கடல் ஓரம் உட்காருங்கள். நீர் ஏற்றம் பார்த்துப் போங்கள், ஏறும்போது ஒன்றிரண்டு மணி நேரம்தான் கடி இருக்கும். மற்ற நேரமெல்லாம் அப்பனும் மகனும் சும்மா உட்கார்ந்திருக்கணும். அந்தச் சும்மாவில்தான் என் பெரியவள் பள்ளியில் யாரோ தொல்லை கொடுத்ததைச் சொன்னாள்.

பிடித்த முதல் மீனை அவன் கையாலேயே கொல்லச் சொல்லுங்கள். பக்கெட்டில் போட்டுத் துள்ளித் துள்ளிச் சாக விடுவது சோம்பேறித்தனம். ஈரத்துணியால் பிடித்து, கண்ணுக்கு மேலே மண்டையில் கட்டையால் ஒரே அடி. கை நடுங்கும், நடுங்கட்டும். பிறகு செதில், குடல் எல்லாம் அவனே எடுக்கட்டும், அன்று இரவே வீட்டில் வறுக்கட்டும். கை நடுங்காத பிள்ளை என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன். சின்ன மீனைத் திருப்பி விடவும் அன்றே பழக்குங்கள்.

செம்பிலாங், அந்த முள்ளுள்ள கெளுத்தி மீன், மாட்டினால் மட்டும் நீங்கள் கழற்றுங்கள். முள் குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் கையை வைத்தால் வலி இறங்கும். ஃபிளாஸ்கில் வெந்நீர் எடுத்துப் போவது எனக்குக் காப்பிக்கு மட்டுமில்லை.


சைவம்_போதும் | செவ்வாய், காலை 8:12

கை நடுங்கட்டும் என்று சொன்ன முதல் தூண்டில்காரர் நீங்கள்தான். நான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் படித்தேன்.


செனாப்பாங்_மாமா | செவ்வாய், பகல் 1:50

இன்னும் இரண்டு. ஆற்றோரம் இருக்கும்போது தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், மேலே மழை. உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் பரவாயில்லை, உடனே மேட்டுக்கு ஏறுங்கள். கெப்பாலா ஆயிர், அதாவது திடீர் வெள்ளம், வரும், சாமானை எடுக்கத் திரும்பக் கூடாது.

அப்புறம், காட்டில் இளஞ்செடிகளை ஒடித்துக் குவித்து மெத்தை மாதிரி ஒரு மேடு தெரிந்தால் கிட்டே போகாதீர்கள். பெட்டைப் பன்றி குட்டி போடக் கட்டியது. ஆண் பன்றி பெரும்பாலும் ஓடிவிடும். குட்டி வைத்திருக்கிற தாயிடம் அந்த நம்பிக்கை வைக்காதீர்கள்.


பாயான்_லெப்பாஸ்_அப்பா | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, இரவு 9:20

எல்லாருக்கும் நன்றி. போய் வந்தோம், எழுத நேரம் கிடைக்கவில்லை.

புக்கிட் மெர்தாஜாம் செரோக் தொக்குனுக்குப் போனோம். கூலிமிலிருந்து அப்பாவையும் ஏற்றிக்கொண்டேன். வரமாட்டேன் என்றார், டுரியான் வாங்கப் போகிறோம் என்று பொய் சொல்லி ஏற்றினேன். அவர் அடிவாரத்தில் ஆற்றோரக் கல்லில் உட்கார்ந்துகொண்டார். நானும் மகனும் மேலே ஏறினோம். சைவம் சகோதரி சந்தோஷப்படலாம், நாங்கள் கொன்றது மூன்று அட்டைகள் மட்டும், அதுவும் என் காலில்.

பாதிக்கு மேல் மண் உழுத மாதிரி ஓரிடம். மகன் மாமா சொன்னபடி குனிந்து பார்த்து, தடத்தைக் கண்டுபிடித்து, பத்துப் படம் எடுத்தான். "இன்னைக்குள்ளது, ஓரம் கூர்மையா இருக்கு" என்று என்னிடம் விளக்கம் வேறு. கீழே வந்து தாத்தாவிடம் ஃபோனை நீட்டினான். அப்பா கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "இது நாய்டா" என்றார். அடுத்தது, "இதுவும் நாய்". ஐந்தாவது படத்தில் நிறுத்தினார். அதைப் பெரிதாக்கச் சொன்னார். "இது பன்னி. பெட்டை, கூடவே குட்டி இருக்கு, பாரு." சின்னதாக இரண்டு தடம் ஓரத்தில் இருந்தன. நாங்கள் இருவருமே பார்க்கவில்லை.

அப்புறம் மகன் அந்தச் சுவர்ப் படத்தைப் பற்றிக் கேட்டான், எத்தனை பன்றி சுட்டீர்கள் தாத்தா என்று. அப்பா சிரித்தார். "நான் எங்கடா சுட்டேன்? துப்பாக்கி தொரையோடது. நாங்க பத்துப் பேரு தகரத்தைத் தட்டிக்கிட்டுப் புதர்ல இறங்கிக் கலைச்சு விடுவோம். அவரு மேட்டுல நிப்பாரு. படம் எடுக்கிறப்ப அவரு நகர்ந்துக்கிட்டாரு, என்னை நிக்கச் சொன்னாங்க."

எனக்கு 47 வயது. இதுவரை அந்தப் படத்தில் என் அப்பாதான் வேட்டைக்காரர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பையன் முகம் வாடும் என்று பயந்தேன். அவன் ஒரு நொடி யோசித்துவிட்டு, "அப்போ பன்னி எந்தப் பக்கம் ஓடும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டான். அதற்கு அப்பா பதில் சொல்ல ஆரம்பித்தவர், கார் கூலிம் போய்ச் சேரும்வரை நிறுத்தவில்லை. காற்று, ஓடை, எந்த மரத்தடியில் பழம் விழும், தகரத்தை எந்தப் பக்கம் தட்டக் கூடாது என்று. நான் வண்டி ஓட்டிக்கொண்டே கேட்டேன். டுரியான் வாங்க மறந்துவிட்டோம், அதற்குத் திட்டு விழுந்தது.

அடுத்த சனிக்கிழமை அப்பாவே வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், மேலே கொஞ்ச தூரம் ஏறிப் பார்க்கிறாராம். அவருக்கும் பையனுக்கும் கம்பூங் அடிடாஸ் ரப்பர் காலணி வாங்கணும். தீவில் எங்கே கிடைக்கும்?


நைட்_ஷிப்ட்_குமரன் | ஞாயிறு, இரவு 9:41

ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் செருப்புக் கடைகளில் கேட்டுப் பாருங்கள் அண்ணே. ஓர் அளவு பெரிதாக எடுங்கள், உள்ளே நீளக் காலுறை போடணும், அட்டைக்கு.